3400-இல் ஒரு குண்டு மலை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "தண்ணீரை அகச்சிவப்பு நிறமாலைமானியில் வைத்தால் வருவது ஒரு குண்டு மலை. அதைப் படிக்கவே சிலர் வாழ்நாளைச் செலவழித்திருக்கிறார்கள்." (ஒரு பொருள் அகச்சிவப்பு ஒளியில் எதை எதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று வரைந்து காட்டும் கருவி அது.) அந்த வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஆகவே இந்த மாதம் முழுக்கத் தண்ணீர்தான். புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் 31 ஆண்டுகள் ஒரு நிறமாலை ஆய்வகத்தில் கருவிகளைக் கவனித்துக்கொண்டவன். கோட்பாட்டாளன் அல்ல. கருவியைக் குறை சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் அசிட்டோனை அகச்சிவப்புக் கருவியில் வைத்தபோது கோடுகள் கூர்கூராக வந்தன. அதே கருவியில் தண்ணீரை வைத்தால் 3400 பக்கம் பெரிய மேடு ஒன்று வருகிறது. ஒரு விவரமும் தெரியவில்லை. கருவியில் ஏதாவது பழுதா? (முதுகலை வேதியியல் மாணவி)

பதில்: பார்த்தீர்களா, முதல் கேள்வியே கருவி மீதுதான் பாய்கிறது. கருவி நன்றாக இருக்கிறது. நீங்கள் பார்ப்பது தண்ணீரின் உண்மையான முகம்.

தண்ணீர் மூலக்கூறு ஒன்று தனியாக இருந்தால் அது மூன்றே விதமாகத்தான் அதிரும். இரண்டு ஓ-எச் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) கைகளும் சேர்ந்து நீண்டு சுருங்குவது 3657. ஒன்று நீளும்போது மற்றது சுருங்குவது 3756. இரண்டு கைகளும் கத்தரிக்கோல் போல மூடித் திறப்பது 1595. இவை நீராவியில் அளந்த எண்கள். நீராவியில் மூலக்கூறுகள் சுழலவும் செய்வதால் ஒவ்வொன்றைச் சுற்றியும் மெல்லிய கோடுகள் கூட்டமாக வரும். ஆனாலும் ஒவ்வொரு கோடும் கூர்மையாக இருக்கும். உங்கள் கருவிக்குள் ஈரக்காற்று புகுந்திருந்தால், 3500-க்கு மேலேயும் 1600-ஐச் சுற்றியும் புல் முளைத்தது மாதிரி கோடுகள் தெரியும். அது நீராவியின் வேலை. கருவிப் பெட்டிக்குள் உலர்ந்த நைட்ரஜனை ஓடவிடுவது இதைத் துரத்தத்தான்.

இப்போது அதே மூலக்கூறுகளைத் திரவமாக்குங்கள். ஒவ்வொரு மூலக்கூறும் தன் இரண்டு ஹைட்ரஜன்களைப் பக்கத்து ஆக்சிஜன்களை நோக்கி நீட்டுகிறது. தன் ஆக்சிஜனில் வேறு இரண்டு ஹைட்ரஜன்களை வாங்கிக்கொள்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் ஹைட்ரஜன் பிணைப்பு. பனிக்கட்டியில் இது ஒழுங்காக, ஏறக்குறைய ஒரே மாதிரி நடக்கும். திரவத்தில் அந்த ஒழுங்கு இல்லை. ஓர் ஓ-எச்சுக்கு எதிரே ஆக்சிஜன் மிக அருகில் நேர்கோட்டில் இருக்கும். இன்னொன்றுக்குச் சற்றுத் தள்ளி, கோணலாக இருக்கும். மூன்றாவதுக்கு அந்த நொடியில் எதிரே யாருமே இருக்க மாட்டார்கள். முதலாவது 3200-க்குப் பக்கத்தில் அதிரும். கடைசியானது 3600-ஐத் தாண்டி அதிரும். நடுவில் இருக்கும் எல்லா எண்ணுக்கும் ஆள் உண்டு. நீங்கள் அளக்கும் துளியில் கோடானுகோடி ஓ-எச்கள் தங்கள் தங்கள் சுருதியில் ஒரே நேரத்தில் பாடுகின்றன. கருவி கேட்பது அந்தக் கூட்டுச் சத்தத்தை.

அசிட்டோனில் இப்படி நடக்காததற்குக் காரணம் எளிது. அதன் கார்பனைல் (கார்பன்-ஆக்சிஜன்) பிணைப்பைப் பக்கத்து மூலக்கூறுகள் பெரிதாகச் சீண்டுவதில்லை. 1715-இல் எல்லாரும் ஏறக்குறைய ஒரே சுருதி. மற்ற இடங்களில் ஒரு பட்டை அகலமாக இருந்தால் "தெளிவில்லை" என்று முகம் சுளிப்போம். தண்ணீரில் அந்த அகலம்தான் தகவலே. ஹைட்ரஜன் பிணைப்புகள் எத்தனை விதம், எந்த விதம் எவ்வளவு என்பதெல்லாம் அந்த மேட்டுக்குள்தான் புதைந்திருக்கிறது.

உங்கள் கருவியில் வெப்பக் கட்டுப்பாடு இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். 10 டிகிரியில் ஒன்று, 80 டிகிரியில் ஒன்று எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக வையுங்கள். மேடு முழுவதும் மேல் எண்களை நோக்கி நகர்ந்திருக்கும். பனிக்கட்டியாக்கினால் எதிர்த்திசையில் நகர்ந்து 3220 அளவில் போய் உட்காரும். பழுதான கருவி இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது.

கேள்வி: 3400 என்றால் 3400 எது? அலகே சொல்லாமல் எழுதுகிறீர்களே? (பதினோராம் வகுப்பு மாணவன்)

பதில்: தப்புதான் தம்பி. எங்கள் துறைக்காரர்களின் கெட்ட பழக்கம். ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குள் அந்த ஒளியின் எத்தனை அலைகள் அடங்கும் என்பதே அலை எண். 3400 அலைகள் அடங்கினால் ஓர் அலையின் நீளம் 2.94 மைக்ரான். அதிர்வாகச் சொன்னால் விநாடிக்குச் சுமார் நூறு லட்சம் கோடி முறை. ஒரு முறை அதிர ஆகும் நேரம் சுமார் 10 ஃபெம்டோ விநாடி. ஆயிரம் ஃபெம்டோ ஒரு பிக்கோ. ஒரு பிக்கோ விநாடி என்பது விநாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இந்த 10 ஃபெம்டோவை நினைவில் வைத்துக்கொள். கீழே தேவைப்படும்.

கேள்வி: ஹைட்ரஜன் பிணைப்பு ஏற்பட்டால் பிடிப்பு கூடுகிறது. பிடிப்பு கூடினால் அதிர்வு எண்ணும் கூட வேண்டாமா? நீங்கள் குறைகிறது என்கிறீர்களே! (ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்)

பதில்: நல்ல கேள்வி ஐயா. எந்தப் பிணைப்பின் அதிர்வை அளக்கிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம். 3400-இல் நாம் அளப்பது ஹைட்ரஜன் பிணைப்பை அல்ல. அதன் பக்கத்தில் இருக்கும் ஓ-எச் சகப்பிணைப்பை. அந்தச் சகப்பிணைப்பு மோலுக்கு சுமார் 460 கிலோஜூல் வலிமை உள்ள ஒரு முரட்டு வில்சுருள். ஹைட்ரஜன் பிணைப்போ 20 கிலோஜூலைச் சுற்றித்தான். ஆனால் எதிரே இருக்கும் ஆக்சிஜன் ஹைட்ரஜனைத் தன் பக்கம் இழுக்கும்போது முரட்டுச் சுருள் கொஞ்சம் தளர்கிறது, சற்று நீள்கிறது. தளர்ந்த சுருள் மெதுவாக அதிரும். இழுப்பு எவ்வளவு பலமோ அவ்வளவு இறக்கம். 1937-இல் பேட்ஜரும் பவரும் இந்த இறக்கத்துக்கும் பிணைப்பின் வலிமைக்கும் இடையே ஒரு தொடர்பை எழுதி வைத்தார்கள். அன்றிலிருந்து ஓ-எச் அதிர்வு எங்களுக்கு ஒரு தராசு. ஹைட்ரஜன் பிணைப்பைத் தொடாமலேயே எடை பார்க்கிறோம்.

உங்கள் உள்ளுணர்வும் தவறில்லை. வளைவு அதிர்வைப் பாருங்கள்: நீராவியில் 1595, திரவத்தில் 1645. அது ஏறத்தான் செய்கிறது. கையை இருபுறமும் யாரோ பிடித்துக்கொண்டிருந்தால் ஆட்டுவது கடினம் அல்லவா, அதுதான். மூலக்கூறு முழுவதுமாகத் திரும்பப் பார்த்துத் திரும்ப முடியாமல் ஊசலாடும் அசைவு 700-க்குக் கொஞ்சம் கீழே அகலமாக வரும். ஹைட்ரஜன் பிணைப்பே நேரடியாக நீண்டு சுருங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் 200-க்குக் கீழே, தொலை அகச்சிவப்புக்குப் போக வேண்டும். அங்கே நீங்கள் எதிர்பார்த்ததுதான் நடக்கிறது. வெப்பம் கூடிப் பிடிப்பு தளர்ந்தால் அந்த எண் இறங்கும்.

தராசில் ஒரு கோளாறு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பலமாகப் பிணைந்த ஓ-எச் அகச்சிவப்பை மிக அதிகமாக உறிஞ்சும். தனித்து நிற்கும் ஓ-எச் மிகக் குறைவாகவே உறிஞ்சும். ஆக மேட்டின் உயரத்தை வைத்து நேரடியாக ஆள் எண்ணிவிட முடியாது. உரக்கப் பேசுகிறவர்களின் குரல் மட்டும் கேட்கும் கூட்டம் அது. இதை மறந்து கட்டுரை எழுதியவர்கள் உண்டு.

கேள்வி: தண்ணீரின் நிறமாலையை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். என் வழிகாட்டி ஊரில் இல்லை. எதில் வைத்து எடுப்பது? பொட்டாசியம் புரோமைடு வில்லை போதுமா? (முதலாண்டு ஆய்வு மாணவர்)

பதில்: வேண்டாம்! இதை அச்சுக்குப் போகும் முன்பே உங்களுக்குத் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். இருந்தாலும் மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்த முதல் மாதம் நான் செய்த காரியம் இது. ஆய்வகத்தில் சோடியம் குளோரைடு சன்னல்கள் (மாதிரியைத் தாங்கி ஒளியை உள்ளே விடும் வில்லைகள்) ஒரு பெட்டியில் பளபளவென்று இருந்தன. கண்ணாடி என்றே நினைத்துக்கொண்டேன். ஒரு மாணவர் கொடுத்த நீர்க்கரைசலை நேராக அதன் மேல் விட்டேன். கண் முன்னாலேயே அதன் முகம் மங்கிக் குழிந்தது. உப்பில் தண்ணீர் விட்டால் கரையும் என்பது ஐந்தாம் வகுப்புப் பாடம். ஆனால் அதை மெருகேற்றி வட்டமாக வெட்டி வைத்தால் மூளை நம்ப மறுக்கிறது. மூத்த ஆய்வாளர் ஒருவர் வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தேய்த்து மெருகேற்றும் தாளை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் தேய்த்தேன்.

பொட்டாசியம் புரோமைடும் அதே ஜாதிதான். அது காற்றிலிருந்தே ஈரம் குடிக்கும். சரியாக உலர்த்தாத வில்லையில் 3430 பக்கமும் 1640 பக்கமும் இரண்டு மேடுகள் வரும். "என் சேர்மத்தில் ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது" என்று சந்தோஷமாக ஓடி வந்த எத்தனையோ பேரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது அவர்கள் சேர்மம் இல்லை, அன்றைக்குக் காற்றில் இருந்த ஈரம்.

கால்சியம் ஃபுளூரைடு சன்னல் எடுங்கள். தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் 1000-க்குக் கீழே அது ஒளியை விடாது. ஊசலாட்டப் பட்டையைப் பார்க்க முடியாது. அடுத்தது தடிமன். இங்கேதான் பலர் தடுக்கி விழுவார்கள். 3400-இல் தண்ணீர் அவ்வளவு பலமாக உறிஞ்சும். ஒரு மைக்ரான் படலமே முக்கால் பங்கு ஒளியைத் தின்றுவிடும். பத்து மைக்ரானில் லட்சத்தில் ஒரு பங்குகூட வெளியே வராது. தலைமுடியின் தடிமன் அதைவிடப் பல மடங்கு என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். மேட்டின் உச்சி மழுங்கித் தட்டையாகத் தெரிந்தால் அது அறிவியல் கண்டுபிடிப்பு அல்ல, படலம் தடித்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு சன்னல்களையும் அழுத்தி, நடுவே ஒரு மைக்ரான் அளவுக்குத் துளியைப் பரப்புங்கள்.  

இவ்வளவு பாடு வேண்டாம் என்றால், வைரமோ துத்தநாக செலினைடோ பதித்த உட்பிரதிபலிப்புத் தட்டு இருக்கிறதா பாருங்கள். துளியை அதன் மேல் வைத்தால் போதும். ஒளி படிகத்துக்குள்ளேயே பிரதிபலித்து, துளிக்குள் ஒரு மைக்ரான் அளவுக்கு மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும். ஒன்று மட்டும் கவனம்: இந்த முறையில் வரும் மேடு, ஊடுருவிச் செல்லும் முறையில் வருவதைவிடச் சற்றுக் கீழே இறங்கியும் வடிவம் மாறியும் இருக்கும். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டுவிட்டு "ஹைட்ரஜன் பிணைப்பு பலப்பட்டிருக்கிறது" என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: தண்ணீரை ஆராய்கிறவர்கள் ஏன் கனநீரைக் கலக்கிறார்கள்? கலப்படம் செய்துவிட்டு என்ன ஆராய்ச்சி? (வாசகி)

பதில்: இந்தக் கலப்படம் பாட்டைத் தெளிவாகக் கேட்பதற்கு. (கனநீர் என்பது ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டீரியம் உள்ள நீர்.) தூய நீரில் ஒரு மூலக்கூறின் இரண்டு ஓ-எச்களும் ஒரே சுருதிக்காரர்கள். பக்கத்து மூலக்கூறுகளும் அப்படியே. ஒருவர் அதிரத் தொடங்கினால் அதிர்வு அடுத்தவருக்குத் தாவிவிடும். போதாக்குறைக்கு 1645 வளைவு அதிர்வின் இரட்டிப்பு 3300-க்குப் பக்கத்தில் வந்து கலந்துகொள்ளும். ஆக மேட்டின் அகலத்தில் எவ்வளவு பிணைப்புகளின் பல்வகை, எவ்வளவு இந்தக் குழப்பம் என்று பிரிக்க முடியாது.

கனநீரில் சில துளிகள் சாதாரண நீரை விட்டால், கலக்கி முடிப்பதற்குள் ஹைட்ரஜன்கள் இடம் மாறி, ஒரு கை ஹைட்ரஜன், ஒரு கை டியூட்டீரியம் உள்ள மூலக்கூறுகள் உருவாகிவிடும். டியூட்டீரியம் இருமடங்கு கனம் என்பதால் ஓ-டி அதிர்வு 2500-க்கு இறங்கிவிடுகிறது. சுற்றிலும் எல்லாரும் 2500-இல் பாடும்போது, நடுவே ஓர் ஓ-எச் மட்டும் 3400-இல் தனியாகப் பாடும். அது தாவிப் போக இடமில்லை. இப்போது பட்டையின் அகலம் 400 அளவிலிருந்து 250 அளவுக்குக் குறைகிறது. குறைந்தது குழப்பம். மிச்சமிருக்கும் அந்த 250 முழுக்க முழுக்க அக்கம்பக்கத்தின் பல்வகை என்று ஏறக்குறைய நம்பிச் சொல்லலாம். குழப்பத்தை நீக்கிய பிறகும் இவ்வளவு அகலம் என்பதுதான் ஆச்சரியம்.

கனநீர் பாட்டிலை மூடி வையுங்கள் என்று நான் கத்தாத நாள் கிடையாது. திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நிறமாலையில் 3400 மெல்லத் தலைகாட்டும். யார் மூடாமல் போனது என்பதை அந்தச் சின்ன மேட்டின் உயரத்தை வைத்தே, எந்த நாள் என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடித்திருக்கிறேன்.

கேள்வி: ராமன் விளைவு திரவங்களில்தானே கண்டுபிடிக்கப்பட்டது? தண்ணீரைப் பற்றி அது என்ன சொல்கிறது? தண்ணீரில் இரண்டு வகை இருக்கிறது என்று படித்தேன், உண்மையா? (பொறியாளர்)

பதில்: ஆமாம், 1928-இல் ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் எழுதிய முதல் குறிப்பிலேயே அறுபது திரவங்கள் வரை பார்த்ததாகச் சொல்கிறார்கள். சூரிய ஒளி, நிற வடிகட்டிகள், பிறகு அவர்கள் கண்கள். மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு, மூலக்கூறின் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வெளியே வருகிறது. அந்த நிற மாற்றத்தை அளந்தால் அதிர்வு எண் கிடைக்கும். தண்ணீருக்கு இது வசதியான முறை. சாதாரண ஒளியைத்தான் பயன்படுத்துகிறோம் என்பதால் கண்ணாடிக் குப்பியில் வைத்தே எடுக்கலாம். மைக்ரான் படலம், உப்புச் சன்னல் போன்ற அவஸ்தை கிடையாது.

ராமன் நிறமாலையில் தண்ணீரின் மேடு இரட்டைத் திமில் மாதிரி இருக்கும். 3250 பக்கம் ஒன்று, 3400-ஐத் தாண்டி ஒன்று, 3600 பக்கம் ஒரு தோள்பட்டை. சூடாக்கினால் இடது திமில் இறங்கும், வலது ஏறும். 1960-களில் பெல் ஆய்வகத்தில் ஜார்ஜ் வால்ராஃபன் வெவ்வேறு வெப்பநிலைகளில் எடுத்த வளைகோடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார். எல்லாமே ஏறக்குறைய ஒரே புள்ளியில் ஒன்றையொன்று வெட்டின. வேதியியல் படித்தவருக்கு அப்படி ஒரு புள்ளியைப் பார்த்ததும் ஒரு முடிவுதான் தோன்றும்: ஒன்று இன்னொன்றாக மாறும் இரண்டு வகை இருக்கிறது, பிணைந்த நீர், பிணைப்பு அறுந்த நீர். இந்த யோசனைக்கு வயது அதிகம். எக்ஸ் கதிர் புகழ் ரோன்ட்கன் 1892-லேயே, தண்ணீர் என்பது பனிக்கட்டி போன்ற ஒன்றும் வேறொன்றும் கலந்த கலவை என்று எழுதியிருக்கிறார்.

என் மனசும் நெடுநாள் அந்தப் பக்கம்தான் இருந்தது. படத்தில் இரண்டு திமில் தெரியும்போது இரண்டு வகை என்று நம்புவதுதானே இயல்பு? பிறகு 2005-இல் ஃபிலிப் கெய்ஸ்லர் ஒரு கணக்கைக் காட்டினார். வகை எதுவும் இல்லாமல், தொடர்ச்சியாகப் பரவிய ஒரே கூட்டமாக இருந்தாலும், வெப்பநிலையை மாற்றும்போது வளைகோடுகள் ஒரே புள்ளியில் வெட்டத்தான் செய்யும் என்று. அதாவது அந்தப் புள்ளி இரண்டு வகைக்குச் சாட்சி ஆகாது. மேலே கனநீர்ப் பதிலில் சொன்னதையும் சேர்த்துப் பாருங்கள்: இரட்டைத் திமிலில் பெரும்பங்கு, அதிர்வுகள் தாவுவதாலும் வளைவு அதிர்வின் இரட்டிப்பு கலப்பதாலும் வருவது. கனநீரில் கலந்தால் திமில்கள் போய்விடுகின்றன.

சர்ச்சை முடிந்துவிட்டதா என்றால் இல்லை. 2004-இல் எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்த குழு ஒன்று, பெரும்பாலான மூலக்கூறுகளுக்கு இரண்டே பலமான பிணைப்புகள்தான் என்று சொல்லி பெரிய சண்டையைக் கிளப்பிவிட்டது. மிகவும் குளிர வைத்த நீரில் இரண்டு திரவங்கள் உண்டு என்போரின் கட்சி இன்று வலுவாகவே இருக்கிறது. ஆனால் நம் குவளையில், அறை வெப்பத்தில் இருக்கும் தண்ணீரைக் கேட்டால், என் ஓட்டு தொடர்ச்சிக்குத்தான்.

கேள்வி: தண்ணீருக்கு நினைவாற்றல் உண்டு என்கிறார்கள். நீரின் கட்டமைப்பை மாற்றும் கருவி என்று ஒன்றை என் உறவினர் வாங்கியும் விட்டார். உண்மையா? (குடும்பத் தலைவி)

பதில்: 1988-இல் பிரான்சைச் சேர்ந்த ஜாக் பென்வெனிஸ்த் நேச்சர் இதழில், கரைத்த பொருளில் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சாத அளவுக்கு நீர்த்த பிறகும் அதன் விளைவு இருக்கிறது என்று எழுதிய கட்டுரையோடு இந்தப் பேச்சு பெரிதானது. இதழாசிரியரே குழுவோடு ஆய்வகத்துக்குப் போய் எந்தக் குப்பியில் எது என்று சோதிப்பவருக்கே தெரியாதபடி சோதனை வைத்தபோது அந்த விளைவு காணாமல் போய்விட்டது.

அதிர்வு நிறமாலை இதற்கு வேறு வழியாகப் பதில் சொல்கிறது. மிகக் குறுகிய அகச்சிவப்பு லேசர் துடிப்பு ஒன்றால் 3300-இல் அதிரும் ஓ-எச்களை மட்டும் தட்டி எழுப்புகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு துடிப்பை அனுப்பி, "நீ இன்னும் 3300-தானா?" என்று கேட்கிறார்கள். கனநீரில் தனித்த ஓ-எச், தன் பழைய சுருதியை ஒரு பிக்கோ விநாடி அளவில் மறந்துவிடுகிறது. தூய நீரில் இன்னும் மோசம். 2005-இல் வந்த அளவீட்டின்படி 50 ஃபெம்டோ விநாடி. நம் மாணவத் தம்பி நினைவில் வைத்திருக்கும் அந்த 10 ஃபெம்டோவை எடுங்கள்: ஐந்து முறை அதிர்வதற்குள் எல்லாம் மறந்தாயிற்று. அறுந்த பிணைப்பும் அறுந்தபடியே இருப்பதில்லை. சில நூறு ஃபெம்டோவில் பழைய ஆளோடோ புது ஆளோடோ மறுபடி சேர்ந்துவிடும். 2006-இல் லாஜும் ஹைன்ஸும் காட்டியபடி, மூலக்கூறு மெல்லத் திரும்பி ஆளை மாற்றுவதில்லை. சடாரென்று பெரிய கோணத்தில் ஒரே தாவல்.

ஆகவே, உறவினரின் கருவி எந்தக் கட்டமைப்பை உண்டாக்கினாலும் குழாயை விட்டு வெளியே வருவதற்குள் அது பல லட்சம் கோடி முறை கலைந்திருக்கும். இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார் என்றால் சொல்ல வேண்டாம். தண்ணீர் கெட்டுப்போகாது.

கேள்வி: மைக்ரோவேவ் அடுப்பு ஹைட்ரஜன் பிணைப்பின் அதிர்வெண்ணில்தானே வேலை செய்கிறது?

பதில்: இல்லை. அதன் 2.45 கிகாஹெர்ட்ஸை அலை எண்ணாக மாற்றினால் 0.08. அதிர்வுகள் அத்தனையும் அதற்கு எங்கோ மேலே இருக்கின்றன. அந்த மின்புலத்துக்கு ஏற்பத் திரும்ப முயலும் மூலக்கூறுகள் சற்றுப் பின்தங்குவதால் ஏற்படும் இழப்புதான் சூடு. திரும்ப முடியாத பனிக்கட்டி அங்கே அதிகம் சூடாகாததும் இதனால்தான்.

கேள்வி: ஆழமான தூய நீர் நீலமாகத் தெரிவது வானத்தின் பிரதிபலிப்பா? (பத்தாம் வகுப்பு மாணவி)

பதில்: வானத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் வானமே இல்லாத இடத்தில், சில மீட்டர் நீளக் குழாயில் தூய நீரை நிரப்பி வெள்ளை ஒளியைப் பார்த்தாலும் நீலச்சாயல் தெரியும். காரணம் நம் ஓ-எச்தான். அதன் நீட்சி அதிர்வுகள் நான்கு பங்கு சேர்ந்தால் 700 நானோமீட்டருக்குப் பக்கத்தில், சிவப்பில், ஒரு மெல்லிய உறிஞ்சல் வருகிறது. சிவப்பு கொஞ்சம் போனால் மிச்சம் நீலம். கனநீரில் அதே உறிஞ்சல் 1000 நானோமீட்டர் பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விடுகிறது. அதனால் அதே குழாயில் கனநீருக்கு நிறமில்லை.

கேள்வி: சுற்றி வளைக்காமல் ஒரே எண் சொல்லுங்கள். திரவ நீரில் ஒரு மூலக்கூறுக்கு எத்தனை ஹைட்ரஜன் பிணைப்பு? (பொறுமையிழந்த வாசகர்)

பதில்: மூன்றரை. இப்போது கொஞ்சம் சுற்றி வளைக்கிறேன். இரண்டு ஆக்சிஜன்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு கோணல் வரை அதைப் "பிணைப்பு" என்று எண்ணுவீர்கள்? கோட்டை நீங்கள் கொஞ்சம் நகர்த்தினால் எண்ணும் நகரும். கணினிக்காரர்களின் கோடும் நிறமாலைக்காரர்களின் கோடும் ஒரே இடத்தில் இல்லை. என்னிடம் யாராவது தசம இடத்துக்குப் பின்னால் இரண்டு எண்கள் போட்டுக் கொண்டுவந்தால், முதலில் கேட்பது அந்தக் கோடு எங்கே என்றுதான்.

கேள்வி: கடைசியில், தண்ணீரில் ஒரு கூர்மையான கோடுகூடக் கிடையாதா? பார்க்க ஆசையாக இருக்கிறது. (மேலே முதல் கேள்வி கேட்ட மாணவியின் தோழி)

பதில்: இருக்கிறது, ஆனால் துளிக்குள் தேடினால் கிடைக்காது. அதன் மேல்தோலில் தேட வேண்டும். காற்றைத் தொடும் கடைசி அடுக்கில் இருக்கும் மூலக்கூறுகளில் சிலவற்றின் ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு எதிரே பிடிக்க ஆக்சிஜனே இல்லை. அகச்சிவப்பு லேசரையும் கண்ணுக்குத் தெரியும் லேசரையும் ஒரே நேரத்தில் அந்தப் பரப்பில் விழவைத்து, இரண்டின் கூட்டு அதிர்வெண்ணில் வெளிவரும் ஒளியை மட்டும் பிடித்தால், திரவத்தின் உட்பகுதி தானாகவே மௌனமாகிவிடும்; பரப்பு மட்டும் பேசும். 1993-இல் ஒய். ஆர். ஷென்னின் குழு இப்படித்தான் அந்த வெறுங்கையைப் பிடித்தது. பரப்பு மூலக்கூறுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அப்படி இருப்பதாகக் கணக்கிட்டார்கள். வலப்பக்கம், 3700-இல், ஒல்லியாக, தனியாக நிற்கும். எங்கள் ஆய்வகத்தில் அந்த ஏற்பாடு இருந்ததில்லை. வேறோர் ஆய்வகத்துக்குப் போனபோது ஒரே ஒரு முறை திரையில் அது எழும்பி வருவதைப் பார்த்தேன். அவர்கள் துளியின் அருகே யாரையும் மூச்சுவிட விடவில்லை.